விதைக்கு வைத்தது இருக்கிறதா, அம்மா?

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. கிணறு, வேலி, ஆடு குட்டி போட்டது எல்லாம் எழுதியிருக்கிறாய். அந்த வேலியை ஒற்றை ஆளாக நின்று முடித்துவிட்டாய் என்று உங்கம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தானிய டிரம்மில் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் ஒரு வரி இல்லை.

உன் எடையைப் பார்க்கிறாயா? வாரத்தில் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில்.

உன்னைப் போலத் தானே விளைவித்துத் தின்கிறவர்களைப் பற்றி டிவியில் போடும்போது கூடை கூடையாகத் தக்காளி காட்டுகிறார்கள். கண்ணுக்கு அழகுதான், ஆனால் ஒரு கிலோ தக்காளியில் 180 கலோரிக்கு மேல் இல்லை. மண்வெட்டி பிடிக்கிற உடம்புக்கு ஒரு நாளைக்கு 2,500 வேண்டும். தக்காளியையே நம்பினால் தினம் 14 கிலோ தின்ன வேண்டும். காய்ந்த தானியம் கிலோவுக்கு 3,500 தரும். அப்படியும் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 260 கிலோ ஆகிறது. எலிக்கும் வண்டுக்கும் போவது, விதைக்கு எடுப்பது, ஒரு மழை பொய்த்தால் தாங்குவது எல்லாம் சேர்த்து 350 கிலோவாவது கையில் இருக்கட்டும். தானியம் குவிந்து கிடப்பதைப் படம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்? அதனால் காட்டுவதில்லை. களை பறிக்கிற மாதங்களையும் காட்டுவதில்லை.

அன்று வெட்டிய மரத்தை அன்று ராத்திரியே எரித்துக் குளிர் காய்வதாக டிவியில் காட்டுவதும் அப்படித்தான். பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மேல்பக்கம் மட்டும் மூடி ஒரு வருஷம் போட்டுவை. ஈர விறகை எரித்தால் புகைபோக்கிக்குள் கரும்பிசின் படியும். ஒரு நாள் அந்தப் பிசினே தீப்பிடிக்கும்.

தானியத்தை டிரம்மில் கொட்டும் முன் ஈரம் பார். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம், இரண்டு மூன்று கரண்டி காய்ந்த உப்பு. இரண்டு நிமிஷம் குலுக்கிக் கால் மணி நேரம் வை. உப்பு பொலபொலவென்று கீழே விழுந்தால் சரி. கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். திரும்ப வெயிலில் கொட்டு. அவசரப்பட்டு மூடினால் உள்ளே சூடேறி, பூஞ்சை பிடித்து, கட்டி கட்டியாய் வரும். அதைக் கழுவித் தின்னலாம் என்று நினைக்காதே, ஆட்டுக்கும் போடாதே.

விதையைத் தனியாக வை. வேறு பாத்திரம், வேறு மூலை. ஒரு விதைப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அதைப் போல இரண்டு மடங்கு. முதல் விதைப்பு போனாலும் கையில் ஒன்று இருக்கும். விதைக்கும் முன் 100 விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வை. ஒரு வாரத்தில் 80 முளைத்தால் தைரியமாக விதை, 60 என்றால் அளவைக் கூட்டு. ஹைப்ரிட் செடியிலிருந்து எடுத்ததை விதைக்கு வைக்காதே, அடுத்த தலைமுறையில் அதே குணம் வராது.

எடை பார், அம்மா. மாசம் இரண்டு கிலோ குறைகிறது என்றால் தினம் 500 கலோரிக்குக் குறையாமல் உடம்பிலிருந்து எடுக்கிறாய் என்று அர்த்தம். நீ போன தடவை அனுப்பிய படத்தில் உன் தோள் எலும்பு தெரிந்தது. நாலு மாசமாய் ஒரு போன்கூட இல்லை. பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

ஏன் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். முதல் வெள்ளாமை அழுகிப்போனது என்று நீ அழுதபோது, "அப்பவே சொன்னேன்ல" என்றேன். அதற்குப் பிறகு நல்லதை மட்டும்தான் எழுதுகிறாய். உன் மூட்டை நனைந்து கிடந்தபோது நான் கேட்டிருக்க வேண்டியது, எத்தனை கிலோ மிஞ்சியது என்று. கேட்கவில்லை. என் பேச்சு ஜெயித்ததே எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. தப்பு என்னுடையது.

விதைக்கு வைத்ததில் கை வைத்திருந்தால் எத்தனை கிலோ குறைகிறது என்று மட்டும் எழுது. விதைப்புக்கு முன்னால் அனுப்பிவிடுகிறேன். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அப்பா