வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுங்கள்

சிங்கப்பூர் அலுவலகங்களின் மேலாளர்களுக்கு,

வணக்கம். ஊழியர்கள் தங்கள் சொந்த யோசனைகளைச் செய்து பார்க்க வாரத்தில் இரண்டு மணி நேரம் கேட்டு எழுதுகிறேன். துவாஸ் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். தினமும் சாயங்காலம் டெலிவரி ஆர்டர் தாள்களையும் கணினியில் உள்ள இருப்புக் கணக்கையும் விரல் வைத்து வரிவரியாக ஒப்பிட வேண்டும், ஒரு வரி தவறினால் மறுபடி முதலிலிருந்து. இதற்கு எக்செலில் ஒரு சின்ன மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்யும் நிரல், எழுதலாமே என்று நானாகத்தான் தொடங்கினேன். மதிய உணவு நேரத்தில் கொஞ்சம், அப்புறம் பஸ்ஸில் போனில் வீடியோ பார்த்துக் கொஞ்சம் என்று நாலு மாதம் ஓடியது. அதில் மூன்று வாரம் தேதிச் சிக்கலிலேயே போனது. சில தாள்களில் நாள் முதலில் இருக்கும், சிலவற்றில் மாதம் முதலில் இருக்கும். எக்செல் தேதியை உள்ளுக்குள் வெறும் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. எந்த வகுப்பிலும் அது எனக்கு அப்படிப் பதிந்திருக்காது. இப்போது ஒன்றரை மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடிகிறது.

நடுவில் ஒருநாள் என் திரையைப் பார்த்த மேலாளர், "இது உங்க வேலை இல்லையே" என்றார். இன்னும் வலிக்கிறது.

படிக்கப் பணம் இல்லை என்று இந்த ஊரில் சொல்ல முடியாது. 2024 மே மாதம் முதல் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கத்தின் திறன் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் கூடுதலாக 4,000 வெள்ளி கிடைக்கிறது. பக்கத்து மேசை அக்கா அதை வைத்து டேட்டா வகுப்புக்குப் போய் வந்தார். வந்த மறுநாளே மேசையில் பழைய தாள் கட்டு. கற்றதை நம்முடைய கணக்கில் போட்டுப் பார்க்க ஒரு மணி நேரம்கூட கிடைக்கவில்லை, மூன்று மாதத்தில் பாதி மறந்துவிட்டது என்றார்.

அமெரிக்காவின் 3எம் நிறுவனம் ஊழியர்களின் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்கு விட்டது. 1968இல் அங்கே ஸ்பென்சர் சில்வர் கண்டுபிடித்த பசை சரியாக ஒட்டவே ஒட்டாது. சர்ச் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள் நழுவுகிறதே என்று யோசித்த ஆர்ட் ஃப்ரை அதைக் கையில் எடுத்தார், 1980இல் அது ஒட்டிப் பிரித்தெடுக்கும் குறிப்புத் தாளாக, போஸ்ட்-இட் என்று அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது. அந்தப் பசைக்குப் பன்னிரண்டு வருடம் கிடைத்தது!

நான் 15 சதவீதம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் போதும், லாரி வரும் நாளாக இருந்தால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்கிறோம். என்ன செய்வது என்பதை அவரவரே முடிவு செய்யட்டும். தயவுசெய்து இதையும் கேபிஐயில் (வேலையை மதிப்பிடும் இலக்குகளில்) சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் எல்லாரும் நிச்சயம் முடியக்கூடிய சின்ன வேலையாகத்தான் எடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முடிந்ததோ முடியாததோ, வந்து காட்டச் சொல்லுங்கள். முதலில் அந்த அக்காவைக் கேளுங்கள், அவரிடம் ஒரு யோசனை தயாராக இருக்கிறது.