பதினோராவது புள்ளி

சிவமயம்

தேவகோட்டை

அன்புமிக்க நண்பர் லெட்சுமணன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும், அதனுள் மடித்து வைத்திருந்த நாளிதழ்ப் பக்கமும் கிடைத்தன. 2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் கூடிய, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 47ஆவது உச்சி மாநாட்டில், மேடையில் நின்ற பத்துக் கொடிகளோடு திமோர் லெஸ்தே என்கிற கிழக்குத் திமோரின் கொடியும் சேர்ந்ததையும், அந்நாட்டுப் பிரதமர் சனானா குஸ்மாவ் உணர்ச்சிவசப்பட்டதையும் எழுதிவிட்டு, இவ்வளவு சிறிய நாடு இந்தக் கூட்டில் தாக்குப்பிடிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். முகப்பில் தூணருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதையேதான் இரண்டு நாளாக யோசித்தேன்.

ஆவணியில் பேரனுக்குக் கல்யாணம் முடிந்ததை முன்பே எழுதியிருந்தேன். நம் நகரத்தார் வழக்கப்படி கோயில் மாலை வந்து, இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதி, அவனும் கோயில் கணக்கில் ஒரு புள்ளியாகிவிட்டான், அதாவது தனிக் குடும்பமாகிவிட்டான். பெங்களூரில் வாடகை வீட்டில் இருப்பவன் ஆனாலும், கோயிலுக்குப் புள்ளிவரி என்றால் பெரிய வீட்டுக்காரர் கொடுக்கும் அதே தொகைதான் அவனுக்கும். ஆசியானின் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. அதன் சாசனப்படி, ஜகார்த்தாவில் உள்ள செயலகத்தின் செலவை எல்லா உறுப்பு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 14 லட்சம் மக்களைக் கொண்ட, 2002இல்தான் விடுதலை பெற்ற திமோர், சிங்கப்பூர் கட்டும் அதே தொகையைக் கட்ட வேண்டும். சமமாகக் கட்டுபவன் சமமாகப் பேசலாம் என்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் முன்னோர் புள்ளிவரியோடு நிறுத்தாமல், வசதியைப் பார்த்து ஆஸ்திவரி என்றும் ஒன்று வைத்திருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் பெரும்பகுதியை நாட்டு வருமானத்தை வைத்தே வாங்குகிறது. ஆஸ்திவரி இல்லாத கூட்டில், இருப்பதிலேயே இளைத்தவரால் எவ்வளவு முடியுமோ அதற்குமேல் செயலகம் வளர முடியாது. திமோர் வந்தபின் இந்தக் குறை இன்னும் துலக்கமாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

பணத்தைவிடப் பெரிய சிரமம் ஆள்தான். ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடக்கின்றனவாம். அத்தனைக்கும் விஷயம் தெரிந்த, ஆங்கிலம் தெரிந்த அதிகாரிகளை அனுப்ப வேண்டும். 2011இல் விண்ணப்பித்தவர்களை 2022இல்தான் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டார்கள் என்றால், இந்தத் தயக்கமும் அதற்கு ஒரு காரணம்.

ஒருவரை உள்ளே எடுக்க எல்லாரும் இசைய வேண்டும் என்று விதி வைத்தவர்கள், உள்ளே வந்தவர் முறை தவறினால் வெளியேற்றுவதற்கு வழி எழுதி வைக்கவில்லை. 1997இல் சேர்ந்த மியான்மரைப் பாருங்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் அதன் ஆட்சித் தலைவரை உச்சி மாநாட்டுக்கு அழைக்காமல் விட்டிருக்கிறார்களே தவிர, உறுப்புரிமையில் கை வைக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில் அதே ராணுவ அரசு திமோரின் தூதரகப் பொறுப்பாளரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. இன்று இருவரும் ஒரே பந்தியில்.

மியான்மர், அதாவது நம் பழைய பர்மா, என்று எழுதும்போது கை சற்று நின்றுவிடுகிறது. என் அப்பச்சியின் (அப்பாவின்) தகப்பனார் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்யப் போய், அங்கே பெகு என்ற ஊரில் கடை வைத்திருந்தவர். 1942இல் ஜப்பானியர் நுழைந்தபோது பேரேடு ஒன்றை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தே ஊர் திரும்பினார். 1948இல் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்த பிறகும், வரவேண்டிய பாக்கிக்கு வட்டி போட்டுக்கொண்டே இருந்தாராம். அந்தப் பேரேடு மேல்வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. கறையான் தின்றது போக நாற்பது பக்கம் தேறும். நம் தெற்காசிய நாடுகளின் கூட்டான சார்க் அமைப்பின் உச்சி மாநாடு 2014 காத்மாண்டுக்குப் பிறகு கூடவே இல்லை என்பதை நினைத்தால், மனத்தாங்கலோடாவது ஆண்டுதோறும் கூடுகிற ஆசியான்காரர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

தை பிறந்ததும் ஊருக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். வரும்போது, செயலகத்துக்கு ஒவ்வொரு நாடும் இந்த ஆண்டு எவ்வளவு கட்டியது என்று விசாரித்து வாருங்கள். பேரேட்டை இறக்கி வைத்திருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
சுப்பையா