கிராமத்து வீடுகளுக்குப் போகுமுன்

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை ஃபிஜியின் நாடி நகரிலிருந்து கிராமத்துக்குக் கிளம்புகிறோம். யங்கோனா (கவா) வேர்க்கட்டு சந்தையில் வாங்கியாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் முன் அதை வைத்து அனுமதி கேட்கும் செவுசெவு சடங்கு முடிந்த பிறகுதான் அவரவர் தங்கப்போகும் வீட்டுக்குப் போகலாம். அந்த வேரைக் கரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் தருவார்கள். பார்க்கச் சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஒருமுறை கைதட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மூன்று முறை தட்டுங்கள். நாக்கு லேசாக மரத்துப்போகும், பயப்பட வேண்டாம்.

ஊருக்குள் தொப்பி, கூலிங் கிளாஸ் கூடாது. குழந்தைகளின் தலையைத் தொடாதீர்கள், பாசத்தில்கூட. ஞாயிறன்று தேவாலயம், சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். துணி துவைக்க உட்கார்ந்துவிடாதீர்கள்.

அப்புறம், மரவள்ளியும் சேப்பங்கிழங்கும் தட்டில் வந்துகொண்டே இருக்கும். முதலிலேயே கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள். முழங்காலை மறைக்கும் சுலு (இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி) இல்லாதவர்கள் வெள்ளிக்குள் இங்கே சொல்லுங்கள், வாங்கிவிடலாம்.