மெஸ் பில்லையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாதம் வந்துவிட்டால் உங்கள் பேப்பரில் கட்-ஆஃப், கலந்தாய்வு, எந்தப் படிப்புக்கு எங்கே வேலை என்று பக்கம் பக்கமாக வருகிறது. நல்லதுதான், நானும் கத்தரித்து வைத்துப் படித்தவன். ஆனால் பிள்ளை விடுதியில் சேர்ந்த பிறகு சோத்துக்கும் சோப்புக்கும் மாசம் எவ்வளவு ஆகும் என்று அதில் ஒரு வரிகூடப் பார்த்ததில்லை.

நான் கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறேன். விடியற்காலையில் ஆட்களை ஏற்றி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளா பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது வேலை. மகள் மதுரையில் இரண்டாம் ஆண்டு. சேர்க்கும்போது ஃபீஸை மட்டும்தான் கணக்குப் போட்டோம். அடுத்த மாதமே மெஸ் பில் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது, 4,130 ரூபாய். சேரும்போது "மூவாயிரம் சொச்சம்" என்றுதான் சொல்லியிருந்தார்கள். கேட்டால் டிவைடிங் சிஸ்டமாம். அதாவது அந்த மாதம் ஆன மொத்தச் செலவைச் சாப்பிட்டவர்கள் தலைக்குப் பிரித்துவிடுவார்கள்; தக்காளி விலை ஏறினாலும் நம் தலையில், பாதிப் பேர் லீவில் போய்விட்டாலும் சமையல்காரர் சம்பளம் குறையாதே, அதுவும் மிச்சம் இருப்பவர்கள் தலையில். அப்புறம் ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஐ.வி. என்று தொழிற்சாலை பார்க்க ஒரு டூர்.

மகள் இங்கே அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பஸ்ஸுக்கும் ரீசார்ஜுக்கும் அது ஆச்சு. கேரளா பக்கம் வண்டன்மேட்டில் இருக்கும் என் மச்சினி மகளும் தமிழ் மீடியத்தில் படித்தவள்தான். ஆனால் கேரளப் பள்ளி என்பதால், தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்தும் அவளுக்கு இது கிடையாது. எல்லையோரக் குடும்பங்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பெரிய சிக்கல் வேறு. ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடித்துத் தை வரை ஓடும், வாராவாரம் காசு புழங்கும். பங்குனி, சித்திரையில் வேலை இல்லை, ஜீப்பிலும் பாதி சீட் காலி. கல்லூரிக்காரர்கள் பணம் கேட்பதோ ஆனி மாதம்! அந்த நேரத்தில் வட்டிக்கு வாங்கி, அடுத்த சீசன் காசை வட்டிக்கே கொடுத்தவன் நான். இப்போது எடுப்பு நடக்கும் வாரங்களில் சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் 500 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறோம். வீட்டில் சின்னவன் ஏழாவது படிக்கிறான். தபால் ஆபீஸ் ஆர்.டி. என்பது மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் ஐந்து வருடக் கணக்கு, மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். அவன் எட்டாவது போகும் ஜூனில் தொடங்கினால் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும்போது பணம் கைக்கு வரும். சீட்டும் போடலாம்தான், பிடிப்பவர் யார் என்று பார்த்துச் சேருங்கள்.

கல்விக் கடன் வாங்கும்போது நாங்கள் செய்த தப்பு, ஃபீஸுக்கு மட்டும் கேட்டது. விடுதி, மெஸ், புத்தகம், லேப்டாப் வரை அதிலேயே சேர்த்துக் கேட்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், கைக்காசும் போட வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் தவணை இல்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும், அதையும் மறக்க வேண்டாம். அதற்கு முன்னால் அரசு நல விடுதியில் இடம் கிடைக்குமா என்று பாருங்கள், தங்கலும் சாப்பாடும் இலவசம், வருமான வரம்பு உண்டு.

"கஷ்டத்தைச் சொல்லாதீங்க, படிப்பு கெட்டுடும்" என்றாள் என் மனைவி. நான் சொல்லிவிட்டேன். மகள் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அப்புறம் அவளேதான் கண்டுபிடித்தாள், ஊருக்கு வரும் முன் வார்டனிடம் எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்கு மெஸ் பிடித்தம் இல்லையாம். ஒரு வருடமாக எழுதிக் கொடுக்காமலே பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து போயிருக்கிறாள்.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த மே மாதம் கட்-ஆஃப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அந்தந்தக் கல்லூரி விடுதியின் கடந்த 12 மாத மெஸ் பில்லையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். எங்கள் மகளின் பில்களைத் தேதி வாரியாக ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஜீப் ஓட்டுநர், கம்பம்