புயலுக்கு முன்பே குடும்பவாரியாக வெளியேற்றத் திட்டம் வகுத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
கடலோரக் கிராம மக்கள் மற்றும் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகப்பட்டினம்.

பொருள்: வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முகாம், வாகனம், பொறுப்பாளர் ஆகியவற்றை முடிவு செய்து எழுத்தில் தரவும், கால்நடைகளுக்கு மேட்டு நிலம் ஒதுக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் காது செய்தியிலும் கண் கடலிலும்தான் இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்னரே கடலோர மாவட்டங்களில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். இதை நன்றியோடு சொல்கிறோம். முகாமுக்கு நாங்கள் எந்த நிலையில் போய்ச் சேர்ந்தோம், சிலர் ஏன் கடைசிவரை வரவில்லை என்பதைத் தங்களிடம் எடுத்துச் சொல்லவே இந்த மனு.

புயல் கரையைக் கடப்பதற்கு முந்தைய நாள் மாலை எங்கள் தெருவில் ஆண்கள் அனைவரும் பைபர் படகுகளை மேடேற்றவும் வலைகளையும் இயந்திரங்களையும் அப்புறப்படுத்தவும் கரைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் மட்டுமே. படுத்த படுக்கையாக இருந்த பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கயிற்றுக் கட்டிலோடு நான்கு பெண்கள் தூக்கி வந்தோம். கட்டில் ஆட்டோவில் ஏறாது. பாட்டியை மடியில் கிடத்திக்கொண்டு போனோம். சர்க்கரை நோய்க்கு அவருக்குப் போடும் இன்சுலின் மருந்து வீட்டிலேயே தங்கிவிட்டது. கரையிலிருந்து திரும்பிய ஆண்கள் ஒரு முகாமுக்கும் நாங்கள் வேறொரு முகாமுக்கும் போய்விட்டோம். தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்த பின் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது பொழுது விடிந்து வெகுநேரம் ஆகும்வரை தெரியவில்லை.

நள்ளிரவுக்கு மேல் காற்று திடீரென நின்றபோது, புயல் போய்விட்டது என்று எண்ணிச் சிலர் வீட்டைப் பார்க்கப் புறப்பட்டார்கள். கடந்துகொண்டிருந்தது புயலின் கண், அதாவது காற்று அடங்கியிருக்கும் நடுப்பகுதிதான். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பி அடித்தது. கதவருகே நின்ற பெரியவர் ஒருவர் அதட்டி நிறுத்தியிராவிட்டால் அவர்கள் தென்னந்தோப்பு நடுவே அகப்பட்டிருப்பார்கள். காற்று நின்றாலும் புயல் போய்விட்டதாக எண்ணி வெளியே போகக் கூடாது என்ற இந்த ஒரு செய்தியையாவது ஒவ்வொரு முகாமிலும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டை விட்டுக் கிளம்ப மறுப்பவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இரண்டு மாடுகளையும் ஏழெட்டு ஆடுகளையும் நம்பிப் பிழைக்கும் ஒரு விதவைப் பெண், அவற்றைக் கட்டுத்தறியில் விட்டுவிட்டு எப்படி வருவார்? கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாத கட்டடத்துக்கு வயது வந்த மகளை அழைத்துவர எந்தத் தாய்க்கு மனம் வரும்? இவை எல்லாவற்றுக்கும் செப்டம்பர் மாதத்தில் வழி உண்டு. காற்று கிளம்பிய மாலையில் எதற்கும் வழி இல்லை.

வானிலை ஆய்வு மையம் பாதிப்பு தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்பாகவும் பின்னர் 24 மணி நேரம் முன்பாகவும் படிப்படியாக எச்சரிக்கை தருகிறது. அந்தப் படிகளை எங்கள் குடும்பங்களோடு இணைத்துத் தாருங்கள். முதல் எச்சரிக்கையிலேயே படுக்கையில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் கிளம்பிவிட வேண்டும். பிரசவ நாள் நெருங்கியவர்களை அப்போதே அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும். அடுத்த எச்சரிக்கை வந்ததும் மற்றவர்கள் பகல் வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட வேண்டும். மரங்கள் விழுந்து சாலை அடைபட்ட பிறகு வாகனம் இருந்தும் பயனில்லை என்பதைக் கஜாவில் கண்ணால் கண்டோம்.

இதற்காக, குடும்ப அட்டை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு தாள் தந்தால் போதும். எந்த முகாம், எந்த இடத்தில் வாகனம் வரும், எங்கள் தெருவுக்குப் பொறுப்பான முதல்நிலை மீட்பாளர் யார், அவருடைய எண் என்ன, முகாமின் சாவி யாரிடம் இருக்கிறது என்பன அதில் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணும் இருக்கட்டும். கரையில் படகைக் கட்டிவிட்டு வரும் ஆண்களும் அதே முகாமுக்குத்தான் வரவேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தால் குடும்பங்கள் பிரிய வேண்டியிராது. ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு ஆகியவற்றை நெகிழிப் பையில் கட்டி வைப்பதை எங்கள் குழுப் பெண்களே வீடு வீடாகச் சென்று பார்த்துக்கொள்வோம்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதல் முகாமில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடமும், 30 பேருக்கு ஒரு கழிப்பறையும், பெண்களுக்குத் தனி வசதியும் வேண்டும் என்கிறது. எங்களுக்கு ஒதுக்கப்படும் கட்டடத்தை மழைக்கு முன் எங்கள் பெண்கள் இருவரையும் உடன் வைத்துக்கொண்டு ஒருமுறை ஆய்வு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். தாழ்ப்பாளும் தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டருக்கு டீசலும் அன்றே சரிபார்க்கப்பட்டுவிடும்.

கால்நடைகளுக்கு முகாமுக்கு அருகே ஒரு மேட்டு நிலமும் கொஞ்சம் வைக்கோலும் போதும். அதற்குள்ள பலன் பெரிது. மாடு போகுமிடம் தெரிந்தால் மாட்டுக்காரர் தாமே முன்னால் நடப்பார்.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத் திட்டம் ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யப்பட வேண்டும். இந்த ஆண்டு மறுஆய்வில் மேற்கண்டவற்றைச் சேர்த்து, செப்டம்பர் மாதத்துக்குள் எங்கள் கிராமத்தில் ஒரு முழு ஒத்திகை நடத்த ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். உப்பளத்துக்கும் கடலுக்கும் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் நாளாக அது அமைந்தால் நல்லது.

இப்படிக்கு,
கிராம மக்கள் சார்பில்,
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்.

இணைப்பு: ஊர் மக்களின் கையொப்பங்கள், படுக்கையில் இருப்போர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் தெருவாரியான பட்டியல், கால்நடை வைத்திருப்போர் பட்டியல்.