சின்னத்தை ஒட்டாதீர்கள், தையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய தவணை தொடங்கிச் சில வாரங்களுக்குள் கொழும்புப் பாடசாலை வாசல்களில் வெள்ளைச் சேட்டுகளைக் கவனித்துப் பாருங்கள். பொக்கெட்டில் ஒரு மூலை கிளம்பிய பாடசாலைச் சின்னங்கள் எத்தனையோ தெரியும். பின்புறம் பசை தடவிய சின்னம் புறக்கோட்டையில் தாராளமாகக் கிடைக்கிறது. மின்னழுத்தியை வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது என்று பெற்றோர் நம்புகிறார்கள். தைத்து முடிக்கும்வரை சின்னம் அசையாமல் இருக்க மட்டுமே அந்தப் பசை உதவும்.

சின்னம் தடித்த நூல் வேலை. மேலிருந்து கொடுக்கும் சூடு பசைக்குப் போய்ச் சேர்வதற்குள் சுற்றியுள்ள துணி மினுங்கத் தொடங்கிவிடும். பொலியெஸ்டர் கலந்த துணி தாங்குவது மின்னழுத்தியில் இரண்டு புள்ளி அடையாளமிட்ட சூடு, அதாவது ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ். பருத்திக்குரிய மூன்று புள்ளியில் வைத்தால் துணி போய்விடும், குறைத்தால் பசை அரைகுறையாகப் பிடிக்கும். பிறகு வியர்வை, இரவு முழுக்கச் சவர்க்காரத் தூளில் ஊறல், கல்லில் அடி. மினுக்கும்போதெல்லாம் பசை இளகி ஓரம் நகரும். பொக்கெட்டில் இன்னொரு தொல்லை: பசை துணியைத் தாண்டி இறங்கி, பொக்கெட்டையும் சேட்டையும் ஒன்றாக ஒட்டிவிடும்.

இதைவிட அதிகம் கெடுப்பது அவசரம். 1993 முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் சீருடைத் துணியாகட்டும், கடையில் வெட்டி வாங்கியதாகட்டும், தையற்காரரிடமிருந்து பெரும்பாலும் துவைக்காமலேயே வருகிறது. பருத்தி கலந்த துணி முதல் இரண்டு துவையலில் சுருங்கும். பொலியெஸ்டர் நூலில் செய்த சின்னம் சுருங்காது. எனவே துவைக்காத சேட்டில் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் பிறகு சுற்றிவரச் சுருக்கம் விழும், தையலைப் பிரிக்காமல் அது போகாது. தவணை தொடங்கும் நாளில் சின்னத்தைக் கொடுத்து மறுநாளே அணிந்து வரச் சொல்லும் பாடசாலைகள், ஒரு வாரம் முந்திக் கொடுத்தால் போதும். பொக்கெட்டின் மேல் விளிம்பிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் கீழே வர வேண்டும் என்பதையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.

கையால் தைப்பது அரை மணி நேர வேலை. சேட்டை இரண்டு முறை துவைத்து மினுக்குங்கள். பிள்ளைக்கு அணிவித்து நிற்க வைத்தே இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். மேசையில் விரித்துக் குறித்தால், தோள் சரிவில் சின்னம் சாய்ந்து தெரியும். குண்டூசி குத்த வேண்டாம், தடித்த சின்னத்தை அது தூக்கி நகர்த்திவிடும். மேல், கீழ், இடம், வலம் என நான்கு தற்காலிகத் தையல் போடுங்கள். பொக்கெட்டுக்குள் ஒரு கடதாசி மட்டையைச் செருகினால் ஊசி உள்துணியைப் பிடிக்காது. சின்னத்தின் ஓர நிறத்திலேயே பொலியெஸ்டர் நூல், ஒற்றை இழையாக 45 சென்ரிமீற்றர். அதைவிட நீண்டால் முறுக்கேறிச் சிக்கும். முடிச்சு சின்னத்துக்கு அடியில் மறைய வேண்டும். ஓரத்தை ஒட்டித் துணியில் சிறிது எடுத்து, ஊசியை ஓரத்தின் கரைக்குள் ஏற்றி, 3 மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் போய்க்கொண்டே இருங்கள். கேடய வடிவமானால் நேரான பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள், கூர் முனைகளில் இரண்டு தையல் போடுங்கள். நூலை இறுக்கி இழுக்கவே கூடாது. முடிவில் ஒரே இடத்தில் மூன்று சிறு தையல்.

மெசினில் என்றால் 90/14 அளவு ஊசி, 2.5 மில்லிமீற்றர் தையல், அடிநூல் வெள்ளை. ஓரத்துக்குச் சற்று உள்ளே ஓட்டுங்கள். பொக்கெட்டையும் சேட்டையும் சேர்த்து ஓட்டிவிட்டால் அதற்குள் பேனை போகாது. அதனால் பொக்கெட்டின் ஒரு பக்கத்தைப் பிரித்துத் தைத்து மீண்டும் மூட வேண்டும். பசைச் சின்னத்தில் ஓட்டினால் ஊசியில் பசை படிந்து தையல் விடுபடும், நூல் அறும். சற்று ஸ்பிரிட் தொட்டு ஊசியைத் துடைத்துக்கொண்டால் சரி. சாரணர் சட்டைக் கைகளுக்கு மெசினை நினைக்க வேண்டாம். ஒரு ஒடுங்கிய போத்தலைக் கைக்குள் விட்டுக் கையாலேயே தையுங்கள்.

சிவப்பு, மெரூன், கடும் நீல ஓரங்கள் வெள்ளையில் சாயம் விடக்கூடும். தைப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்துச் சவர்க்கார நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுப் பாருங்கள். உப்பும் வினாகிரியும் சாயத்தை நிறுத்தும் என்று பலர் சொல்கிறார்கள், நிறுத்தாது. நிறம் இறங்காத வரை குளிர்ந்த நீரில் அலசுவதே வழி.

அடுத்த பிள்ளைக்காகச் சின்னத்தைக் கழற்றும்போது மேலிருந்து கத்தி போடாதீர்கள், ஓர நூல் அறுந்து விளிம்பு முழுவதும் பிரிந்துவிடும். சேட்டின் உட்புறத்திலிருந்து மூன்று தையலுக்கு ஒன்றாக நறுக்கி, சின்னத்தை மெல்லத் தூக்கினால் கையோடு வரும். துணியில் தெரியும் ஊசித் துளைகளை ஈரப்படுத்தி நகத்தால் இருபுறமும் தேய்த்து மினுக்குங்கள், பருத்தியில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

தையற்கலை ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.