மறுபடியும் விளக்கேற்றித் தந்தவர்களுக்கு

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

நாலு மாதம் பூட்டிக் கிடந்த நம் சிறிய திரையரங்கம் வரும் சனிக்கிழமை மாலை திறக்கிறது. நான்கு வாரம், நான்கு படங்கள். நிகழ்ச்சி நிரலை வாசலில் ஒட்டியாகிவிட்டது. அந்தத் தாளில் படத்தின் பெயர், இயக்குநர் பெயர், ஓடும் நேரம் எல்லாம் இருக்கின்றன. அந்தப் படங்களைத் திரைவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவர்களின் பெயர்கள் மட்டும் இல்லை. போடலாமா என்று கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே பெயர் சொல்லாமலே இந்த மடலை எழுதுகிறேன். படிக்கும்போது எந்த இடத்தில் நீங்கள் வருகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நடந்தது தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அன்று படம் முடிய இருபது நிமிடம் இருக்கும். ஆபரேட்டர் அறையிலிருந்து டமார் என்று ஒரு சத்தம். திரை இருண்டுவிட்டது. ஆனால் ஒலி நிற்கவில்லை. படத்தில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். இருட்டில் உட்கார்ந்து எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் மேலே ஓடிப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீழே வந்தபோதும் அப்படியே இருந்தீர்கள். அந்த மௌனத்துக்கு அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. இப்போது சொல்கிறேன்.

வெடித்தது புரொஜெக்டரின் செனான் விளக்கு. குவார்ட்ஸ் குமிழுக்குள் செனான் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். ஆறிக் கிடக்கும்போதே உள்ளே வெளிக்காற்றைப்போல் பல மடங்கு அழுத்தம் இருக்கும்; எரியும்போது அது இன்னும் கூடும். இத்தனை மணி நேரம்தான் எரியலாம் என்று ஒவ்வொரு விளக்குக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை நாங்கள் தாண்டிவிட்டோம். புது விளக்குக்குப் பணம் சேரட்டும் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டது எங்கள் தவறு. விளக்கு போனதோடு, பின்னாலிருந்து ஒளியைக் குவித்துத் தரும் கண்ணாடியையும் நொறுக்கிவிட்டுப் போயிற்று. யாருக்கும் காயம் படாதது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஐயா வந்து நின்றார். கார்பன் குச்சிகளை எரித்து அந்த வெளிச்சத்தில் படம் ஓட்டிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். முகக்கவசம், தோல் கையுறை சகிதம் உட்கார்ந்து, கருவிக்குள் சிதறிக் கிடந்த சில்லுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். இரண்டு நாள் ஆயிற்று. புது விளக்கு வந்ததும் அதைப் பொருத்தியவரும் அவர்தான். விளக்கின் குமிழில் விரல் பட்டால் அந்த எண்ணெய்ப்பசை சூட்டில் கருகி அந்த இடமே பலவீனமாகிவிடும் என்பதால், இரு முனைகளையும் மட்டும் பிடித்துத் தூக்கினார். அந்த ஒரு நிமிடம் எங்களைப் பேசவேண்டாம் என்றார். மூச்சு விடவும் பயந்து நின்றோம்.

ஐயாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. பிலிம் காலத்தில் ஒரு ரீல் பொதுவாக 2,000 அடி. ஓடி முடிய ஏறக்குறைய இருபது நிமிடம். ரீல் தீரும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த கருவியின் மோட்டாரை ஓடவிட வேண்டும். சில வினாடிகளில் இரண்டாவது புள்ளி வரும். அந்தக் கணத்தில் ஒளியை அந்தக் கருவிக்கு மாற்ற வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ரீல் மாறியதே தெரியக்கூடாது, அதுதான் வேலைத்திறமை. இப்போது எல்லாம் டிஜிட்டல். ரீலும் இல்லை, மாற்றவும் தேவையில்லை. ஆனாலும் படம் ஓடும்போது ஐயாவின் கண் இருபது நிமிடத்துக்கொரு தடவை வலது மேல் மூலைக்குப் போய்வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் அமெரிக்க நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டனின் ‘ஷெர்லாக் ஜூனியர்’ படத்தோடு தொடங்குகிறோம். 1924இல் வந்த மௌனப் படம், முக்கால் மணி நேரம் ஓடும். கதாநாயகன் ஒரு திரையரங்க ஆபரேட்டர். படம் ஓட்டிக்கொண்டே தூங்கிப்போய், கனவில் எழுந்து நடந்து திரைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறான். அவன் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னணி மட்டும் தெருவாகிறது, பாறையாகிறது, கடலாகிறது, பனியாகிறது. இந்தப் படத்துக்கு நேரில் வாசிக்க வயலின் கலைஞர் ஒருவரும் கீபோர்டு வாசிப்பவர் ஒருவரும் ஆறு வாரமாகப் பயிற்சி செய்கிறார்கள். மௌனப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள்; வேகம் படத்துக்குப் படம் மாறும். வினாடிக்கு 24 சட்டகம், அதாவது 24 பிரேம், என்று நிலைத்தது பேசும் படம் வந்த பிறகுதான். ஓட்டும் வேகம் மாறினால் இசையின் கணக்கும் மாறிவிடும். எங்களுக்குக் கிடைத்த பிரதியின் வேகத்துக்கு ஏற்ப, முன்பு எழுதி வைத்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னணி மாறும் ஒவ்வொரு வெட்டுக்கும் புதிதாகச் சுரம் பிரித்தார்கள். கலைஞர்களே, ஊதியம் பற்றிப் பேச்செடுத்தபோது நீங்கள் பேச்சை மாற்றியது எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டாவது வாரம் குழந்தைகளுக்கு. பிரெஞ்சு இயக்குநர் ஆல்பெர் லாமொரீஸ் 1956இல் எடுத்த ‘சிவப்பு பலூன்’. அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும், வசனம் மிகக் குறைவு; ஆனாலும் அந்த ஆண்டின் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது அதற்குத்தான் கிடைத்தது. இந்தக் காட்சியை எப்படி நடத்த வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர். விளக்கை முழுதாக அணைக்க வேண்டாம், ஒலியைத் தாழ்த்துங்கள், கதவு திறந்தே இருக்கட்டும், பிள்ளை எழுந்து நடந்தால் யாரும் உஸ் என்று அடக்கக்கூடாது. இவ்வளவுதான் கேட்டார்கள். எளிமையான இந்த நாலு விஷயம் இத்தனை நாள் எங்களுக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. சென்ற பருவத்தில் இப்படி ஒரு காட்சி நடத்தினோம். ஒரு தாய், தன் மகன் ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை அரங்கில் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு, எங்கள் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அம்மா, அடுத்த காட்சியும் உங்களை நினைத்துத்தான்.

மூன்றாவது வாரத்துப் படத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது எனக்கு. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஒசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’, 1953. முதல் தடவையாகத் தமிழ் வசன வரிகளோடு காட்டப்போகிறோம். ஜப்பானிய மொழி தெரிந்த ஆசிரியை ஒருவர், ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் இருவர் என நாலு பேர் ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதிய வரிகள். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வரக்கூடாது. ஐந்தாறு வினாடிக்குமேல் நிற்கவும் கூடாது. நம் சொற்களோ நீளமானவை. வினைமுற்று ஒன்றே பாதி வரியை அடைத்துக்கொள்ளும். பொருளைக் கெடுக்காமல், பேச்சின் வாடை போகாமல் சுருக்குவது எவ்வளவு சிரமம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று மாலை வாதம் நடந்தது. கதையில் நொரிகோ, போரில் கணவனை இழந்த மருமகள். மாமியாரை அவள் ‘ஒகாசான்’ என்று கூப்பிடுகிறாள். ஜப்பானிய மொழியில் பெற்ற அம்மாவுக்கும் அதே சொல்தான். தமிழில் ‘அத்தை’ என்று போடுவதா, ‘அம்மா’ என்று போடுவதா? ‘அத்தை’ என்றால் உறவு உடனே விளங்கிவிடும். ‘அம்மா’ என்றால் பார்ப்பவருக்கு ஒரு கணம் குழப்பம் வரலாம். நான் ‘அத்தை’ பக்கம்தான் நின்றேன். ஆனால் சோதனைக்காக ஓட்டிப் பார்த்த அன்று, பெற்ற பிள்ளைகள் நேரமில்லாமல் அலைய, அந்த முதியவளுக்கு இந்த மருமகள் தோள் பிடித்துவிடும் காட்சியில் ‘அம்மா’ என்ற வரி வந்தது. அதற்குமேல் எனக்கு வாதாட வாய் வரவில்லை. ‘அம்மா’தான் நின்றது.

எழுதி முடித்த பிறகும் விடவில்லை தொல்லை. எங்கள் கருவியில் தமிழ் எழுத்துகள் உடைந்து வந்தன. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில். மாணவர்கள் இருவரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகளையும் ஒவ்வொரு படமாக மாற்றி, நேரம் பொருத்தி, மறுபடி ஏற்றினார்கள். காது கேளாத ரசிகர் ஒருவர், வசனம் மட்டும் போதாது, தொலைவில் கேட்கும் ரயிலின் ஊதலையும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். அதையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த நால்வருக்கும், கேட்டவருக்கும் சேர்த்தே நன்றி.

கடைசி வாரம் சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’, 1955. படமெடுக்கும் முன்பே, 1947இல், நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியவர் ரே. நம்மைப்போல் சில பேர் கூடி உட்கார்ந்து நல்ல படம் பார்த்த இடம்தான் அதுவும். பணம் தீர்ந்து, மனைவியின் நகை அடகுக்குப் போய், படப்பிடிப்பு நின்று நின்று நடந்த கதை பலருக்கும் தெரியும். 1993இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் இதன் மூல நெகட்டிவ் கருகியது பலருக்குத் தெரியாது. கருகிச் சுருண்ட அந்தச் சுருள்களை யாரும் குப்பையில் போடவில்லை. ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோஞா நகரத்து ஆய்வுக்கூடத்தில், காய்ந்த பிலிமைப் பதப்படுத்தி, ஓரத் துளைகளைக் கையால் சரிசெய்து, மீட்க முடிந்த பகுதிகளை மீட்டார்கள். 2015இல் வெளிவந்த அந்தப் பிரதியைத்தான் பார்க்கப்போகிறோம். எங்கள் கருவி கரியாகக் கிடந்த வாரங்களில் இந்தச் சேதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு படத்தின் வட்டை வாங்கி வீட்டில் வைத்திருப்பதால் அதைப் பொதுவில் காட்டும் உரிமை வந்துவிடாது. ஒவ்வொரு காட்சிக்கும் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். எங்கள் நிலை அறிந்து கட்டணத்தைக் குறைத்த விநியோகஸ்தருக்கு நன்றி. அதே அலுவலகத்தில் இரவுப் பணியில் இருந்த ஒருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டி வந்தாயிற்று. இப்போது பெட்டி என்றால் ஹார்ட் டிஸ்க்தான். ஆனால் அதில் இருக்கும் படம் பூட்டியிருக்கும். திறக்க மின்சாவி ஒன்று தனியாக வரும். அது குறிப்பிட்ட ஒரு கருவியில், குறிப்பிட்ட நாள் நேரத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். சோதனை ஓட்டத்துக்கு வந்த சாவி, விபத்துக்குப் பின் நாங்கள் மாற்றிவிட்ட பழைய கருவிக்கு உரியதாக இருந்தது. நள்ளிரவு தாண்டி அழைத்தோம். அவர் சலிக்கவில்லை. விவரம் கேட்டு, புதுச் சாவி அனுப்பி, திறக்கிறதா என்று நாங்கள் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காமல் இருந்தார்.

இந்த நான்கு படங்களுமே அகலத் திரைக்கு முந்தைய பட அளவில் எடுக்கப்பட்டவை, கிட்டத்தட்டச் சதுரம். நம் திரையோ அகலமானது. இருபுறமும் மறைப்பு இல்லாவிட்டால் ஓரங்களில் சாம்பல் நிறமாய் வெளிச்சம் கசியும். கண் அங்கேயே போகும். தையல்கார அம்மா ஒருவர் கறுப்பு வெல்வெட்டில் இரண்டு மறைப்புத் திரை தைத்துக் கொடுத்தார். காற்றில் அசையாதபடி அடிமடிப்புக்குள் சங்கிலி வைத்துத் தைத்திருக்கிறார். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

நாற்காலிகளைச் சரிசெய்தவர்கள், மின்கம்பி மாற்றியவர்கள், திரைக்குப் பின்னால் ஏறி ஒலிபெருக்கியைத் தூசி தட்டியவர்கள், கணக்கெழுதிக் கொடுத்தவர், விளக்குக்கும் கண்ணாடிக்கும் சிறுகச் சிறுகப் பணம் அனுப்பியவர்கள், அரங்கம் பூட்டியிருந்த மாதங்களிலும் சந்தாவை நிறுத்தாதவர்கள், எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. காட்சிக்கு அரை மணி நேரம் முன்பே கதவு திறந்திருக்கும். சக்கர நாற்காலியில் வருவோருக்கு முன்வரிசைக்குப் பின்னால் இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் உட்கார்ந்து பேசலாம், அவசரமில்லை.

சனிக்கிழமை மாலை ஆபரேட்டர் ஐயாவை முதல் வரிசையில் உட்காரவைத்து மரியாதை செய்யலாம் என்று நினைத்தோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே அந்தச் சிறு ஜன்னல் பக்கத்தில் ஒரு முக்காலி போதும் என்றார். போட்டுவிட்டோம். கலைஞர்கள் தயாரானதும் அரங்க விளக்கை அணைக்கப்போவது அவர் கைதான்.

அன்புடன்,
அரங்க ஒருங்கிணைப்புக் குழுவின் சார்பில்